கீதம் யாருடையது?

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதம் புதுச்சேரியில் இரண்டு தினங்கள் அனுஷ்டிக்கப்படுகின்றன. ஜூலை 14 பிரெஞ்சுப் புரட்சி தினம். கடற்கரையிலுள்ள யுத்த நினைவுச் சின்னத்தில் மலர் வளையம் வைக்கிறார்கள். நமது தேசிய கீதத்தோடு பிரெஞ்சு தேசிய கீதமும் ஒலிக்கிறது. ஜூலை 30 ஆலைத் தொழிலாளர் தியாகிகள் தினம். 1936ஆம் ஆண்டு அந்த நாளில் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிகளுக்கு இரையான 12 தொழிலாளர்களுக்குச் சங்கங்கள் அஞ்சலி செலுத்துகின்றன.

முதல் தினத்தில் ஒலிப்பது கொடுங்கோலை எதிர்த்துப் பிறந்த பாட்டு. இரண்டாம் தினத்தில் நாம் நினைப்பவர்களோ, அதே பாட்டைத் தேசிய கீதமாகக் கொண்ட அரசாங்கத்தால் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள். ஒரே ஊர், ஒரே மாதம், நடுவே 16 நாட்கள்.

இது எப்படி நேர்ந்தது? ஒரு கீதம் யாருக்குச் சொந்தம்? எழுதியவனுக்கா, பாடுகிறவனுக்கா, அதைச் சட்டத்தில் ஏற்றிவைத்து எழுந்து நில் என்கிறவனுக்கா? இந்தக் கேள்வியை உழைப்பாளி மக்கள் கேட்டுத்தான் தீர வேண்டும். ஏனென்றால் கீதத்தின் பெயரால் யுத்தத்துக்கு அனுப்பப்படுகிறவர்கள் நம் பிள்ளைகள். கீதத்தின் பெயரால் வாயை மூடு என்று அதட்டப்படுகிறவர்களும் நாமேதான்.

பிரெஞ்சு கீதத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். உலகத்தில் வேறெந்தப் பாட்டும் இவ்வளவு கைமாறியதில்லை என்று சொல்லலாம்.

1792 ஏப்ரல் மாதம் புரட்சிப் பிரான்ஸ் ஆஸ்திரிய மன்னன் மீது யுத்தப் பிரகடனம் செய்தது. எல்லைப்புற நகரமான ஸ்ட்ராஸ்பூர்க்கில் அந்தச் செய்தி எட்டியதும், நகர மேயர் தீத்ரிஷ் ஒரு ராணுவ இன்ஜினீயரைக் கூப்பிட்டு, படைக்கு ஒரு பாட்டு வேண்டும் என்றார். அந்தக் காப்டனின் பெயர் ரூஜே தெ லீல். ஏப்ரல் 25ந் தேதி இரவு உட்கார்ந்தார். விடிவதற்குள் பாட்டு தயார். ரைன் ராணுவத்தின் யுத்தப் பாட்டு என்பது அவர் வைத்த தலைப்பு. அதை ஒரு தளபதிக்குச் சமர்ப்பணமும் செய்தார். அதற்கு முன்பும் பின்பும் அவர் எழுதிய எதையும் உலகம் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டெபான் ஸ்வைக் அந்த ஓர் இரவைப் பற்றியே தனியாக ஒரு சித்திரம் எழுதினார். அவர் கண்ணில் அது ஒரு தனிமனிதனைத் தேடி வந்த ஒரே இரவின் மேதைமை.

நாம் கேட்கிறோம்: அந்த இரவோடு பாட்டு முடிந்திருந்தால் இன்று யார் அதை அறிவார்கள்? மேயர் வீட்டுக் கூடத்தில் பாடப்பட்டு, மறக்கப்பட்டிருக்கும். அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் வேறு ஆட்கள். தென்கோடியில் இருக்கும் துறைமுகப் பட்டினம் மார்ஸேய். அங்கிருந்து சுமார் 500 தொண்டர்கள் தலைநகரை நோக்கிப் புறப்பட்டார்கள். நான்கு வாரம் கால்நடை. வழி நெடுக, ஊருக்கு ஊர், இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே போனார்கள். 1792 ஜூலை 30ந் தேதி பாரிஸுக்குள் நுழைந்தார்கள். ஆகஸ்ட் 10ந் தேதி பாரிஸின் சாமான்ய ஜனங்களோடு சேர்ந்து டுயிலரி அரண்மனையைத் தாக்கி, முடியாட்சியைச் சாய்த்தார்கள். அன்று முதல் அது மார்ஸேய்க்காரர்களின் பாட்டு. காப்டன் வைத்த தலைப்பும் போயிற்று, தளபதியின் பெயரும் போயிற்று. மார்ஸேயேஸ் என்ற பெயரே நிலைத்தது.

எழுதியவர் கதி என்ன? ரூஜே தெ லீல் முடியாட்சிப் பற்றுள்ளவர். அரசனைப் பதவியிலிருந்து இறக்கியதை அவர் ஏற்க மறுத்தார். பதவி போயிற்று, 1793இல் சிறைக்கும் போனார். பாட்டு எழுதச் சொன்ன மேயர் தீத்ரிஷின் தலை அதே ஆண்டு டிசம்பரில் கில்லெட்டினில் விழுந்தது. காப்டன் உயிர் தப்பி, வறுமையில் காலந்தள்ளி, 1836இல் இறந்தார். எழுதியவர் ஒரு பக்கம் நின்றார். பாட்டு மறு பக்கம் போய்விட்டது. பாட்டின் கருத்தை நிர்ணயித்தவர்கள் அதைப் பாடிக்கொண்டு காரியம் செய்தவர்கள்.

ஆளவந்தவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். 1795 ஜூலை 14ந் தேதி அது தேசிய கீதமாக்கப்பட்டது. நெப்போலியன் சக்கரவர்த்தியாக முடிசூடியதும் அதை ஒதுக்கி வைத்தான். 1815இல் மீண்டு வந்த பூர்போன் மன்னர்கள் அடியோடு தடை செய்தார்கள். 1830 புரட்சியில் அது மறுபடியும் தெருவுக்கு வந்தது. பின்னர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் மீண்டும் அமுக்கப்பட்டது. ஒரு பாட்டைக் கண்டு மூன்று அரசாங்கங்கள் பயந்திருக்கின்றன என்றால் அது வெறும் பாட்டல்ல.

இறுதியாக 1879இல் அது நிரந்தரத் தேசிய கீதமாயிற்று. யார் ஆக்கினார்கள்? எட்டே ஆண்டுகளுக்கு முன், 1871 மே மாதத்தில், பாரிஸ் கம்யூனை ரத்தத்தில் மூழ்கடித்த குடியரசு! ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டது அந்த ஆட்சி. அரண்மனையைத் தாக்கிய பாரிஸ் ஜனங்களின் பாட்டை, அந்த ஜனங்களின் பேரப்பிள்ளைகளைக் கொன்ற ஆட்சி தன் கீதமாகச் சூட்டிக்கொண்டது. தடை செய்து அடக்க முடியாததைத் தழுவி அடக்குவது ஆளும் வர்க்கத்தின் பழைய சாமர்த்தியம்.

அதற்குப் பிறகு அந்தப் பாட்டுக்குப் புதிய வேலை கொடுத்தார்கள். 1914இல் முதல் உலக யுத்தம் மூண்டது. 1915 ஜூலை 14ந் தேதி ரூஜே தெ லீலின் எலும்புகளைத் தோண்டியெடுத்து, பாரிஸுக்கு ஊர்வலமாகக் கொண்டுபோய் நெப்போலியனின் கல்லறை இருக்கும் மாளிகையில் வைத்தார்கள். உயிரோடிருந்தபோது வறுமையில் விடப்பட்டவருக்கு எலும்பான பிறகு ராணுவ மரியாதை. ஏன்? போர்முனைக்குப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். 1792இல் மன்னர்களை எதிர்த்த பாட்டு, 1915இல் பதுங்குகுழிகளில் மாண்ட லட்சக்கணக்கான விவசாயி, தொழிலாளி வீட்டுப் பையன்களுக்குத் தாலாட்டாயிற்று. ஆனால் அவர்கள் எல்லாக் காலமும் தூங்கவில்லை. 1917இல் வீண் தாக்குதல்களுக்குப் போக மாட்டோம் என்று பிரெஞ்சுப் படைப் பிரிவுகள் பல மறுத்து நின்றன. அப்போது அந்தச் சிப்பாய்கள் பாடியது வேறொரு பாட்டு. அதற்குப் பிறகு வருவோம்.

கடல் கடந்த நாடுகளில் நடந்ததைப் பார்ப்போம். கரீபியக் கடலிலுள்ள ஹெய்ட்டி அன்று பிரான்ஸின் கரும்புத் தோட்டம். அங்கிருந்த அடிமைகள் 1791இல் கிளர்ந்தெழுந்தார்கள். 1794 பிப்ரவரியில் புரட்சி அரசு அடிமை முறையை ஒழித்தது. நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவர முனைந்து 1801 டிசம்பரில் பெரும் படையை அனுப்பினான். ஒரு கோட்டையை அந்தப் படை முற்றுகையிட்டிருந்தபோது, உள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள். முன்னாள் அடிமைகள் பாடிக்கொண்டிருந்தவை பிரெஞ்சுப் புரட்சியின் தேசபக்திப் பாட்டுக்கள்! அப்படியானால் நியாயம் அவர்கள் பக்கம்தானோ என்று தம் சிப்பாய்கள் முகத்தை முகம் பார்த்துக்கொண்டதாக, அந்தப் படையின் அதிகாரி ஒருவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தச் சிப்பாய்களுக்கு வந்த சந்தேகம் சரியான சந்தேகம். பாட்டு பிரான்ஸில் பிறந்தது. ஆனால் அன்று அதற்கு உரியவர்கள் கோட்டைக்குள் இருந்தார்கள்.

இப்போது புதுச்சேரிக்கு வருவோம். 1936 மே மாதத் தேர்தலில் பிரான்ஸில் மக்கள் முன்னணி வென்றது. லியோன் புளும் தலைமையில் சோஷலிஸ்டுகள் மந்திரி சபை அமைத்தார்கள். கம்யூனிஸ்டுகள் வெளியிலிருந்து ஆதரித்தார்கள். தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூன் மாதத்தில் வாரம் 40 மணி நேர வேலையும், ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறையும் சட்டமாயின. ஜூலை 14ந் தேதி பாரிஸ் வீதிகளில் மாபெரும் ஜன சமுத்திரம். மூவர்ணக் கொடியும் செங்கொடியும் பக்கம் பக்கமாகப் பறந்தன. மார்ஸேயேஸ் கீதத்தைத் தொழிலாளி வர்க்கம் மீண்டும் தன்னுடையதாக எடுத்துக்கொண்ட நாள் அது.

அதே பிரெஞ்சுக் கொடியின் கீழிருந்த புதுவைப் பஞ்சாலைகளில் என்ன நிலைமை? அந்தச் சட்டங்கள் ஒன்றும் இங்கே செல்லுபடியாகாது. சங்கம் வைக்க உரிமை கிடையாது. எட்டு மணி நேர வேலை, கூலி உயர்வு, சங்க உரிமை ஆகியவற்றைக் கேட்டு, தோழர் வ. சுப்பையாவின் தலைமையில் புதுவை ஆலைத் தொழிலாளர்கள் போராடினார்கள். ஜூலை 30ந் தேதி சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. 12 பேர் மாண்டார்கள்.

மார்ஸேய்த் தொண்டர்கள் அந்தப் பாட்டோடு பாரிஸில் நுழைந்ததும் ஒரு ஜூலை 30. 144 ஆண்டுகள் கழித்து, அதே தேதியில், அந்தப் பாட்டின் அரசாங்கம் புதுவைத் தொழிலாளியின் நெஞ்சில் சுட்டது. அதுவும் எந்த அரசாங்கம்? பாரிஸ் தொழிலாளிக்கு 40 மணி நேரம் தந்த அரசாங்கம். இதைப் பூசி மெழுக வேண்டிய அவசியம் நமக்கில்லை. இடதுசாரிகளின் ஆதரவு பெற்ற ஆட்சியாயினும், குடியேற்ற நாட்டை அடிமையாக வைத்திருக்கும் வரை அதன் சுதந்திர கீதம் கடற்கரையோடு நின்றுவிடும். இதுதான் ஜூலை 30 கற்பிக்கும் பாடம்.

அந்தப் பன்னிருவர் சிந்திய ரத்தம் வீண்போகவில்லை. 1937இல் பிரெஞ்சு இந்தியாவுக்குத் தொழிலாளர் சட்டம் வந்தது. எட்டு மணி நேர வேலைக்கு வழி பிறந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று சர்க்கார் கட்டிடங்களில் எழுதியிருந்ததைப் புதுவையில் உண்மையாக்க முயன்றவர்கள் கவர்னர்கள் அல்ல; நூற்பாளிகளும் நெசவாளிகளும்தான். அந்தப் பாட்டு எழுத்தறியாதவர்களுக்குத் தெரிந்திருக்காது. பிரெஞ்சும் தெரிந்திருக்காது. ஆயினும் அதன் பொருளுக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்.

அப்படியானால் அந்தக் கீதத்தைத் தூக்கி எறிந்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். 1941 அக்டோபர் 22ந் தேதி, ஹிட்லர் படைகள் ஆக்கிரமித்திருந்த பிரான்ஸில், ஷாத்தோபிரியான் என்ற ஊரில் 27 பிணைக்கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் கம்யூனிஸ்டுகள். உலோகத் தொழிலாளர் சங்கத் தலைவர் டாம்போ அவர்களில் ஒருவர். 17 வயதுப் பள்ளி மாணவன் கீ மொக்கேயும் ஒருவன். கொலைக்களத்துக்கு லாரிகளில் ஏற்றிக்கொண்டு போகும்போது அவர்கள் பாடிக்கொண்டு சென்றது மார்ஸேயேஸ் கீதம். அன்று பிரான்ஸின் பெருந்தனக்காரர்களில் பலர் நாஜிகளுக்குச் சரக்கு விற்றுக் கொண்டிருந்தார்கள். கீதத்தின் மானத்தைக் காப்பாற்றியவர்கள் தொழிற்சங்கத்துக்காரர்கள்.

1917 சிப்பாய்கள் பாடிய இன்னொரு பாட்டைப் பற்றிச் சொன்னோமல்லவா? அது சர்வதேச கீதம். கம்யூனின் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த எழேன் பொத்தியே, கம்யூன் வீழ்ந்து, வேட்டை நாய்கள் தேடிக்கொண்டிருந்த 1871 ஜூன் மாதத்தில், தலைமறைவாக இருந்துகொண்டு அதை எழுதினார். அவர் தொழில் என்ன தெரியுமா? துணிகளுக்குச் சித்திர மாதிரி வரைவது. 17 ஆண்டு கழித்து, 1888இல், லீல் என்ற பஞ்சாலை நகரத்தில் மரக் கடைசல் தொழிலாளி பியேர் தெகெய்த்தெர் அதற்கு மெட்டமைத்தார். சிறு வயதில் நூல் ஆலையில் வேலை செய்தவர் அவர். முதல் தடவை 6,000 பிரதிகள் அச்சிட்டபோது தம் முழுப் பெயரைப் போடவில்லை. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். 1894இல் அந்தப் பாட்டை வெளியிட்டதற்காக ஓர் ஆசிரியருக்கு ஓராண்டுச் சிறை கிடைத்தது. எந்த அரசனும் எந்தத் தளபதியும் கேட்டு எழுதப்பட்ட பாட்டல்ல அது. எந்தத் தேசத்தின் எல்லையும் அதற்கில்லை.

ஆனால் சர்வதேச கீதத்துக்கும் மந்திர சக்தி கிடையாது. 1918 முதல் 1944 வரை சோவியத் நாட்டின் கீதமாக இருந்தது அதுவே. யுத்தத்தின் நடுவே 1944இல் சோவியத் யூனியனுக்குப் புதுக் கீதம் வந்தது. செர்கே மிகால்கோவ் அதன் கவிஞர்களில் ஒருவர். 1977இல் அவரே வார்த்தைகளைத் திருத்தினார். 1991இல் சோவியத் யூனியன் குலைந்தது. 2000த்தில் ரஷ்ய சர்க்கார் அதே மெட்டை மீண்டும் எடுத்து, அதே மிகால்கோவைக் கொண்டு, சோஷலிசம் என்ற சொல்லே இல்லாத வேறு வார்த்தைகளைப் போட்டுக்கொண்டது. மெட்டு மிஞ்சிற்று, ஆலைகள் கோடீஸ்வரர்கள் கைக்குப் போயின. நமக்கு இது கசப்பான செய்திதான். கசப்பானாலும் விழுங்கத் தக்க மருந்து: கீதம் எதையும் தானாகக் காப்பாற்றுவதில்லை. பாடுகிறவர்கள் காக்க வேண்டும்.

நமது நாட்டுக்கும் இது பொருந்தும். 1911 டிசம்பர் 27ந் தேதி கல்கத்தா காங்கிரஸ் மகாசபையில் முதன்முதலாகப் பாடப்பட்ட தாகூரின் பாட்டு, 1950 ஜனவரி 24ந் தேதி நம் தேசிய கீதமாயிற்று. அதே தாகூர்தான் முதல் உலக யுத்தத்தின் நடுவே தேச வெறியை வன்மையாகக் கண்டித்துச் சொற்பொழிவுகள் செய்து, 1917இல் நூலாக வெளியிட்டார். நமது கீதத்தின் ஆசிரியரே தேசத்தை விக்கிரகமாக்காதே என்று எச்சரித்தவர்! இதை எத்தனை தேசபக்தர்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

2016 நவம்பரில், சினிமாக் கொட்டகைகளில் கீதம் போட வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. எழுந்து நிற்காதவர்களை அடித்த சம்பவங்களும் நடந்தன. 2018 ஜனவரியில் கோர்ட்டே அதைக் கட்டாயமில்லை என்று மாற்றியது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1986இல், கீதத்தின்போது மரியாதையுடன் எழுந்து நின்றும் மத நம்பிக்கையால் பாடாதிருந்த கேரளப் பள்ளிப் பிள்ளைகள் மூவரை வெளியேற்றியது தவறு என்று அதே கோர்ட் தீர்ப்பளித்திருந்தது. பிரான்ஸிலும் இதே கதைதான். 2001இல் அல்ஜீரியாவுடன் நடந்த கால்பந்துப் பந்தயத்தில், வந்தேறிகளின் பிள்ளைகள் மார்ஸேயேஸ் கீதத்தின்போது சீழ்க்கையடித்தார்கள். 2003இல் அரசாங்கம் கீதத்தை அவமதிப்பது குற்றம் என்று சட்டம் போட்டு, 7,500 யூரோ அபராதம் விதித்தது. அந்தப் பிள்ளைகளின் குடியிருப்புகளில் வேலையில்லை. அவர்களின் பாட்டனார் நாட்டில் பிரெஞ்சுப் படைகள் நடத்திய கொலைகளுக்குக் கணக்கில்லை. சீழ்க்கைக்கு மட்டும் சட்டம் வந்தது!

நாம் கீதத்தை அவமதிக்கச் சொல்லவில்லை. எழுந்து நிற்போம், நிமிர்ந்தே நிற்போம். நாட்டின் விடுதலைக்குத் தூக்குமேடை ஏறியவர்களையும், சிறையில் மடிந்தவர்களையும் நினைத்து நிற்போம். ஆனால் நிற்கும்போதே ஒரு கணக்கையும் கேட்போம். பாட்டில் ஜனங்களுக்கு வாழ்த்துச் சொல்லப்படுகிறது. அந்த ஜனங்களில் நாம் உண்டா, இல்லையா? நாற்று நடும் பெண்ணுக்குச் சட்டம் சொன்ன கூலி வயல் வரப்பில் கிடைக்கிறதா? நூற்கும் ஆலையில் எட்டு மணி நேரம் நிஜமாகவே எட்டு மணி நேரம்தானா, அல்லது காண்டிராக்ட் என்ற பெயரில் பன்னிரண்டா? சேரிக்கும் ஊருக்கும் நடுவே ஒரே சுடுகாடு உண்டா? 1936இல் எந்தப் பஞ்சாலைகளுக்காக ரத்தம் சிந்தினார்களோ, அந்தப் புதுவைப் பஞ்சாலைகள் 2020இல் மூடப்பட்டு, வேலையிழந்தவர்கள் தெருவில் நின்றார்களே, அவர்கள் எந்த வரியில் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்விகளைக் கேட்பவனைத் தேசத் துரோகி என்பார்கள். மார்ஸேய்க்காரர்களையும் அரண்மனை அப்படித்தான் சொன்னது. ஹெய்ட்டி அடிமைகளையும் நெப்போலியனின் தளபதிகள் அப்படித்தான் சொன்னார்கள். ஷாத்தோபிரியானில் சுடப்பட்டவர்களையும் நாஜிகளின் கைக்கூலிகள் அப்படித்தான் சொன்னார்கள். சரித்திரம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

கீதம் என்பது கடன் பத்திரம். அதை எழுதியவர் யாராயினும், கையெழுத்துப் போட்டிருப்பது அரசாங்கம். வாக்குக் கொடுக்கப்பட்டிருப்பது உழைக்கும் மக்களுக்கு. பத்திரத்தைக் கிழித்தெறிகிறவன் ஏமாளி. அதைப் பூஜையறையில் வைத்துக் கும்பிடுகிறவனும் ஏமாளிதான். கையில் எடுத்துக்கொண்டு, சங்கமாகத் திரண்டு, வசூலுக்குப் போகிறவனுக்கே அது சொந்தம்.

வசூலுக்குப் புறப்படுவோம்!